டிவியில் உன் அப்பாவின் வாய்

தம்பி,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய். அதை நான் நம்பப் போவதில்லை. அதனால் கேட்கவில்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று மல்லிகா உனக்குச் சொல்லியிருப்பாள். அவள் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள். உன் தங்கை உன்னிடம் ஒரு மாதிரி சொல்கிறாள், என்னிடம் ஒரு மாதிரி சொல்கிறாள். நடுவில் நிற்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். போன வாரம் வந்து, "அண்ணன் புக்கிட் மெர்தாஜாம்ல சொந்தமா பல்லு கிளினிக் தொறக்குதும்மா. நீங்கதான் குத்துவிளக்கு ஏத்தணுமாம்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்குவதை நிறுத்தவில்லை.

உன் அப்பாவுக்கு முதல் திதியே இன்னும் வரவில்லை. பூவும் பொட்டும் போன ஒருத்தியை, தொழில் தொடங்குகிற நாளில் எந்தப் பிள்ளை விளக்கேற்றக் கூப்பிடுவான்? அதுவும் கோயில் ஆட்களும் உன் மாமனார் வீட்டு ஆட்களும் வந்து நிற்கிற இடத்தில்? அண்ணன் உங்களை எவ்வளவு உசத்தியாக வைத்திருக்கிறது பாருங்கள் என்று மல்லிகா கண் கலங்கினாள். எனக்குக் கண் கலங்கவில்லை. என்னை விளக்கேற்றச் சொல்லி, இவன் வேறு எதையோ அணைக்கப் பார்க்கிறான் என்றுதான் தோன்றியது. இத்தனை மாதம் நான் உன்னோடு பேசவில்லை. பேசாதவளைப் பேச வைக்க இது ஒரு வழி. நாலு பேர் முன்னால் என் கையில் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டால் நான் மாட்டேன் என்று சொல்ல முடியாது இல்லையா?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது மல்லிகாவுக்குத் தெரியாது. கொஞ்ச நாளாக எனக்கு இடது கன்னத்தின் உள்பக்கம் ரசம் பட்டால் எரிகிறது. மிளகாய் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. நாக்கால் தடவிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சொரசொரவென்று இருக்கிறது. உன் அப்பா டப்பாவிலிருந்து கிள்ளிக் கொடுத்த புகையிலையை நானும் எத்தனையோ வருஷம் அந்தக் கன்னத்தில் அடக்கி வைத்தவள்தானே. யாரிடமாவது வாயைத் திறந்து காட்டித்தான் ஆகவேண்டும். உன்னிடம் காட்டுவதா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் முகம் தெரியாத ஏதோ ஒரு பிள்ளையிடம் காட்டுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசினால் நீ நடுவில் பேசுவாய். கடிதத்தில் நடுவில் யாரும் பேச முடியாது. மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்னுடைய அந்த மிஷினை நான் முதல் நாளே நம்பவில்லை. அது உனக்கும் தெரியும். ஊருக்குள்ளே பெரிய டாக்டரின் கிளினிக்கில் நீ வேலை பார்த்த காலம். புதுசாக கேமரா வந்திருக்கிறது, பேனா மாதிரி இருக்கும், வாய்க்குள் விட்டால் உள்ளே இருப்பதெல்லாம் டிவியில் தெரியும், டேப்பிலும் பதிந்துகொள்ளலாம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று நீதான் கூப்பிட்டாய். உன் அப்பா அக்கரைக்குப் போகிற ஃபெரியில் காலை வேலை முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்தார். விசில் கழுத்திலேயே தொங்கியது. நீ அவரை நாற்காலியில் படுக்க வைத்தாய். உன்னோடு வேலை செய்கிற ரொஹானா அந்தப் பேனாவுக்கு மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றை மாட்டிக் கொடுத்தாள். பேனாவின் நுனியில் ஒரு வெளிச்சம். நீ அதை உள்ளே விட்டதும், எதிரே இருந்த டிவியில் சிவப்பாக, ஈரமாக, என்னவோ ஒன்று வந்து நின்றது. எனக்கு முதலில் அது என்ன என்றே தெரியவில்லை. நீ பேனாவை வெளியே எடுத்ததும் உன் அப்பா கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா?

"என்னடா இது, பத்துமலைக் குகை மாதிரி இருக்கு. முருகனத்தான் காணோம்."

"நீங்க போடற போயிலைக்கு அவரும் எறங்கிப் போயிருப்பாரு" என்றேன் நான். ரொஹானா முகமூடிக்குள்ளே சிரித்தாள். பாகான் டாலாமில் நம் ஆட்களோடு வளர்ந்த மலாய்ப் பெண், தமிழில் நாம் பேசுவது எதுவும் அவளுக்குத் தப்பாது.

மறுபடியும் நீ பேனாவை உள்ளே விட்டாய். கீழ் வரிசையில் இடது பக்கம் ஒரு பல்லில் போய் நின்றாய். டிவியில் அந்தப் பல் ஒரு லாரி அளவு இருந்தது. நீ படத்தை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து போய் டிவியின் மேல் விரலை வைத்து, இந்தப் பல்லின் முனை உடைந்திருக்கிறது, கீழே தலைமுடி மாதிரி ஒரு கீறல் ஓடுகிறது, விசிலைக் கடித்துக் கடித்து வந்தது, இப்படியே விட்டால் ஒருநாள் இரண்டாகப் பிளந்துவிடும், மேலே உறை போட வேண்டும் என்றாய். அது உண்மைதான். கார்களை ஃபெரிக்குள் ஏற்றும்போது இரண்டு கையாலும் சைகை காட்ட வேண்டும். அதனால் விசிலை இடது பக்கப் பல்லில் கடித்துக்கொண்டே நிற்பார். இடது பக்கம் விசில் என்பதால் புகையிலை எப்போதும் வலது கன்னத்தில். இந்தப் பழக்கம் நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இத்தனை நாளாக உடையாத பல் இன்றைக்கா உடையப் போகிறது என்று சொல்ல வந்தவர், டிவியைப் பார்த்ததும் வாயடைத்துப் போனார். அவ்வளவு பெரிய கீறலைப் பார்த்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். சரி, போடு என்று தலையை ஆட்டினார்.

வெளியே ஹாலில் உட்கார்ந்திருந்தபோது நான் இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு பல் வலி என்று வந்த அம்மாள், பெரிய டாக்டரின் அறையிலிருந்து வெளியே வரும்போது நாலு பல்லுக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. டிவியில் பார்த்தேன், எல்லாம் போய்விட்டது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பாசாரில் மீன் கடைக்காரன் மீனுக்கு மேலே ஏன் சிவப்பு மூடி போட்ட பல்பு தொங்கவிடுகிறான் என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மீனை வாங்குவதற்கு முன்னால் அதைக் கையில் எடுத்து, வெயிலுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். கடைக்காரன் முறைப்பான், முறைக்கட்டும். வெளிச்சம் யாருடையதோ நிறமும் அவன் சொல்வதுதான். வாய்க்குள்ளே விட்ட வெளிச்சம் உன்னுடையது, டிவி உன்னுடையது, விரல் உன்னுடையது. வாய் மட்டும்தான் எங்களுடையது. பஸ்ஸுக்கு நிற்கும்போது உன் அப்பாவிடம் சொன்னேன், உங்கள் மகன் மீன்காரனாக ஆகிவிட்டான் என்று.

"மீன்காரன் மீனத்தான விக்கிறான். இவன் என் பல்ல எனக்கே விக்கிறான்லா" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் அதில் அவருக்குப் பெருமைதான். நான் டிவியில் வந்தேன் என்று ஃபெரியில் வேலை செய்கிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நீ போட்ட உறை நன்றாகத்தான் இருந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சில மாதம் கழித்து, விசில் புளிக்கிறது என்று ஆரம்பித்தார். பிறகு சோற்றில் காரம் ஆகவில்லை. பிறகு கொட்டாவி விட முடியவில்லை. நான் அந்த உறையைத்தான் சந்தேகப்பட்டேன். வாய்க்குள் இரும்பை மாட்டிவிட்டான், அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தேன், நெய் தடவினேன். இடது பக்கம் தடவினேன். புண் இருந்தது வலது பக்கம். அவர் உன்னிடம் வந்து வாயைத் திறந்த அன்று உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். அப்போதே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்கும் தெரியும். புற்று என்று கரண்டு வைத்தார்கள். கன்னம் கறுத்து, தாடை இறுகி, வாய் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போனது. கடைசியில் உறிஞ்சு குழாய் போகிற அளவுக்கு மட்டும்தான் இடம் இருந்தது. பேச்சு நின்று, பார்வை மட்டும் மிச்சம் இருந்தது.

வாய்க்கரிசி போடும்போது நீ என் பக்கத்தில்தான் நின்றாய். அவர் வாய் திறக்கவில்லை. என் கையிலிருந்த அரிசி உதட்டில் பட்டு, கறுத்த கன்னத்தில் வழிந்து, பெட்டிக்குள் விரித்திருந்த வெள்ளைத் துணியில் கொட்டியது. குனிந்து பொறுக்கப் போனேன். ஒதட்டுல பட்டாப் போதும் அக்கா, விடுங்க என்று யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. இந்த மனுஷனுக்கு நான் ஆக்கிப் போட்ட சோறெல்லாம் போன வழி அது. கடைசிப் பிடி அரிசிக்கு அது அடைத்துக்கொண்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டு, அந்த நாளை நான் எப்படிப் பார்த்தேன் என்று யோசி. சாவு முடிந்து சில மாதம் ஆகியிருந்தது. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மல்லிகா சொன்னாள். டிபன் அடுக்கில் சோறும், கருவாட்டுக் குழம்பும், முட்டைப் பொரியலும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தேன். நீ உள்ளே யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாய். ஹாலில் ஒரு சீன அம்மாளும் அவள் மகளும் இருந்தார்கள். முன்னெல்லாம் அந்த ஹால் டிவியில் சின்னப் பிள்ளைகளின் பொம்மைப் படம் ஓடும். அன்று ஒரு வாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிக்கொண்டும் ஏதோ ஒன்று இழுத்தது. மறுபடி பார்த்தேன். கீழ் வரிசை, இடது பக்கம், முனை உடைந்த பல்.

அந்த வாயோடு எத்தனை வருஷம் சண்டை போட்டிருப்பேன். எனக்கா தெரியாது? கறைபிடித்த பற்களுக்கு நடுவில் அந்த நாக்கு ஓர் இடத்தில் நிற்காமல் புரண்டுகொண்டே இருந்தது. சிரிப்பை அடக்கும்போது அவர் அப்படித்தான் செய்வார். வாய் அகலத் திறந்திருந்தது, தம்பி. ஒரு குழந்தைக் கை போகிற அளவுக்குத் திறந்திருந்தது. ஒரு பிடி அரிசி தாராளமாகப் போயிருக்கும். நான் அடுக்கை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சீனப் பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு, எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, அசிங்கம் என்று மலாய் மொழியில் அவள் அம்மாவிடம் சொல்கிறாள்.

எழுந்து போய் டிவியை அணைத்தேன். ஏன் அணைத்தாய் என்று அந்த அம்மாள் கேட்டாள். அது என் புருஷனுடைய வாய் என்றேன். அவள் மகளைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு தள்ளிப் போய் வேறு நாற்காலியில் உட்கார்ந்தாள். சத்தம் கேட்டு நீ வெளியே வந்தாய். கையில் கையுறை, முகத்தில் முகமூடி. அதைக் கழற்றக்கூட உனக்குத் தோன்றவில்லை.

"யாரக் கேட்டுப் போட்ட?" என்றேன்.

"உள்ள வாங்கம்மா, சொல்றேன்."

"செத்தவரு வாய வச்சு யாவாரம் பண்றியா?"

நீ என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய், அதே டேப்பை அங்கே போட்டாய். மறுபடியும் அந்தப் பல் வந்தது, கீறல் வந்தது. பின்னால் ஓட்டி, அதற்கு முன்னால் பேனா உள்ளே நுழைந்து திரும்புகிற இடத்தில் நீ நிறுத்தினாய். படம் கொஞ்சம் ஆடிக்கொண்டே நின்றது. டிவியின் ஓரத்தில், சட்டத்தை ஒட்டினாற்போல் விரலை வைத்தாய். வலது கன்னம். புகையிலை வைக்கிற இடம். ஆறின பாலில் படிகிற ஆடை மாதிரி, வெள்ளையாக ஒரு துண்டு.

"அன்னிக்கே இருந்துச்சும்மா" என்றாய். "நான் பல்லத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் அடுக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உனக்குக் கொடுக்க வந்த சோற்றைக் கொடுக்காமல் திரும்பியது அன்று ஒருநாள்தான். அதிலிருந்து உன்னோடு பேசவில்லை.

பேசவில்லையே தவிர, நினைக்காமல் இல்லை. துணி துவைக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். இவன் அன்றைக்கே பார்த்திருப்பான். பார்த்துவிட்டு, மிஷின் வந்த முதல் நாளே கெட்ட சேதி வேண்டாம் என்று பெரிய டாக்டர் சொல்லி மறைத்திருப்பான். இல்லாவிட்டால் அப்பாவும் மகனும் பேசிவைத்துக்கொண்டு என்னிடம் மறைத்திருப்பார்கள். ஆம்பளைகள் இரண்டு பேர், பொம்பளை பயப்படுவாள் என்று ஒன்றை மறைப்பது புதுசா? இல்லாவிட்டால் இது எல்லாமே நாடகம். அப்பாவை வைத்து ஊரைப் பயம் காட்டிக் கூட்டம் சேர்க்கிறான், அம்மா கண்டுபிடித்ததும் ஒரு கதை சொல்கிறான். ஒரு நாளைக்கு ஒன்றை நம்புவேன். மறுநாள் அது பொய்யாகத் தோன்றும். மல்லிகாவைக் கேட்டால் அண்ணன் அப்படிச் செய்யாது என்பாள். அதுவா பதில்?

அப்புறம்தான் ரொஹானாவைப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். கிளினிக்கில் கேட்டால் வேலை இருக்கிறது என்பாள், ரோட்டில் கேட்டால் பஸ் வந்துவிட்டது என்பாள். அவள் வேலை முடிந்து ஃபெரியில்தான் அக்கரையில் இருக்கிற பாகான் டாலாமுக்குப் போகிறாள். ஃபெரி கிளம்பிவிட்டால் நடுக்கடலில் இறங்கி ஓட முடியாது. ஃபெரி ஏறுகிற ஜெட்டியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, அவள் ஏறியதும் நானும் பின்னாலேயே ஏறினேன்.

"மாச்சிக், எங்க இந்த நேரத்துல?" என்று வழக்கம்போல் மலாயில் அத்தை முறை வைத்துக் கேட்டாள்.

"உங்கூடத்தான். உக்காரு."

கீழே கார்களை ஏற்றுகிற விசில் சத்தம் கேட்டது. வேறு யாரோ ஊதுகிறான். அது முடிகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. ஃபெரி நகர்ந்ததும் கேட்டேன், பொய் சொல்லாமல் சொல், உன் டாக்டர் அன்றைக்கே அதைப் பார்த்தானா இல்லையா என்று. அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு சொன்னாள்.

"டாக்டர் பாக்கல மாச்சிக். நான் பக்கத்துலயே நின்னேன், நானும் பாக்கல. உங்க வீட்டுக்காரரு பாத்துக்கிட்டுத்தான் படுத்திருந்தாரு, அவரும் பாக்கல. நீங்களும் அங்கதான இருந்தீங்க. டிவி உங்களுக்கு நேராத்தான இருந்துச்சு."

எனக்கு ஓங்கி ஓர் அறை விழுந்த மாதிரி இருந்தது. உண்மைதான். வெள்ளையாக, அவ்வளவு பெரிதாக, எல்லார் கண்ணுக்கும் முன்னால் அது கடந்து போயிருக்கிறது. நீ விரலைப் பல்லில் வைத்தாய். நாங்கள் எல்லாரும் விரல் இருந்த இடத்தைப் பார்த்தோம். சந்தேகத்துக்கென்றே பிறந்தவள் நான், நானும் அந்த ஓரத்தைச் சந்தேகப்படவில்லை. பல் பெரிதாகத் தெரிகிறதே, இதில் ஏதோ ஏமாற்று இருக்கிறது என்று அந்தப் பல்லையேதான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மீதியையும் அவள் சொன்னாள். கருமாதி முடிந்து நீ வேலைக்குத் திரும்பிய வாரம், பழைய டேப்புகளை எல்லாம் எடுத்து அதன் மேலேயே புதுசாகப் பதிந்துகொள்ளச் சொல்லி பெரிய டாக்டர் கொடுத்தாராம். அதில் அப்பாவுடையதும் இருந்தது. அழிப்பதற்கு முன்னால் அப்பாவை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, மத்தியானம் சாப்பிடுகிற நேரத்தில் நீ அதைப் போட்டாயாம். டாக்டராக உட்காரவில்லை, நோயாளிக்குத் துணை வருகிறவர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய் என்றாள். பல்லைப் பார்க்கவில்லை. நாக்கு புரள்வதை, அவர் சிரிப்பை அடக்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். திடீரென்று எழுந்தாய். பின்னால் ஓட்டினாய். மறுபடி ஓட்டினாய். அவளைக் கூப்பிட்டு, இந்த ஓரத்தில் உனக்கு என்ன தெரிகிறது என்று கேட்டாய். வெள்ளையாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். போதும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாயாம். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது என்றாள்.

அதற்குப் பிறகு, யார் வாயைத் திறந்தாலும் முதலில் உதடு, கன்னம், நாக்கின் அடி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எந்தப் பல் வலிக்கிறது என்று வந்தார்களோ அந்தப் பல்லைக் கடைசியில்தான் பார்க்கிறாயாம். டேப்பை ஹாலில் போட்டதும், காத்திருக்கிறவர்கள் கன்னத்தையும் பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காகத்தானாம். கூட்டம் காத்திருக்கிறது, சீக்கிரம் முடி என்று பெரிய டாக்டர் சொல்ல, அவருக்கும் உனக்கும் ஒத்துப் போகவில்லை, அதனால்தான் நீ தனியாகப் போகிறாய் என்றாள். சிலரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறாய் என்றும் சொன்னாள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை. நீயும் எனக்குச் சொல்லாதே. யாரோ ஒருவர் பிழைத்தார் என்று கேட்டால், அவருக்கு மட்டும் ஏன் என்று என் மனசு போகும். அந்தப் புத்தி எனக்கு வேண்டாம்.

ரொஹானா சொன்னதையும் நான் உடனே நம்பிவிடவில்லை. நாளைக்கு உன்னோடு புக்கிட் மெர்தாஜாமுக்கு வரப் போகிறவள், உன்னிடம் சம்பளம் வாங்கப் போகிறவள். சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறாளோ என்று அதே ஃபெரியில் திரும்பி வரும்போது நினைத்துப் பார்த்தேன். ஆனால் சொல்லிக் கொடுத்துப் பேசுகிறவள், நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள் என்று ஒரு தாலியறுத்தவளிடம் சொல்ல மாட்டாள். ஆறுதலாகத்தான் ஏதாவது சொல்வாள். எனக்கு நோகும்படி சொன்னதால்தான் அது உண்மை என்று எடுத்துக்கொண்டேன்.

சொந்தமாகக் கடை வைக்கிறவனுக்குப் பெற்றவள் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். உன் அப்பா இருந்திருந்தால் கேலி பண்ணியே சொல்லியிருப்பார். எனக்கு அது வராது. டிவியில் காட்டுவதற்கு முன்னால், அதே பல்லை ஒரு கைக் கண்ணாடியிலும் காட்டு. அது உண்மையில் எவ்வளவு சின்னது என்று அவர்களுக்குத் தெரியட்டும். பயந்த முகத்தைப் பார்த்தால் அன்றைக்கே எதையும் ஆரம்பிக்காதே, வீட்டுக்குப் போய் சாப்பிட்டுவிட்டு, தூங்கி எழுந்து வரச் சொல். பயத்தில் சொல்கிற சரி, சரியே கிடையாது. டாக்டர் சொன்னால் சரிதான் என்று தலையாட்டுகிறவர்களிடம் இன்னும் ஜாக்கிரதையாக இரு. என்னைப் போல முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் வந்தால் கோபப்படாதே, அவர்கள் உன்னைத் தப்பு செய்யவிடாமல் காப்பாற்ற வந்தவர்கள். இவ்வளவையும் விட, உன் விரலை நம்பாதே. நீ எதைக் காட்டுகிறாயோ அதைத் தவிர மற்றதை எல்லாம் அவர்கள் பார்க்காமல் போய்விடுவார்கள். நீயும் பார்க்காமல் போய்விடுவாய். என்னைச் சந்தேகப் பிறவி என்று நீயும் மல்லிகாவும் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். சொத்து என்று உனக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

டேப்பைப் பற்றி. அழிக்க வேண்டாம். ஆனால் ஹாலில் போடாதே. பொம்மைப் படம் பார்க்க வந்த பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பதற்காக அவர் வாயைத் திறக்கவில்லை, நீ கூப்பிட்டாய் என்பதற்காகத் திறந்தார். உள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு, காட்ட வேண்டியவர்களுக்கு மட்டும் காட்டு. காட்டும்போது, இது என் அப்பா, ஃபெரியில் கார் ஏற்றிவிடுகிறவர், இதை நான் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று உன் வாயால் சொல்லு. சொல்ல முடியாத நாளில் போடாதே. அவர் நாக்கு புரள்கிற இடத்தை வெட்டிவிடாதே. எனக்கு ஒரு டேப் பதிந்து மல்லிகாவிடம் கொடுத்தனுப்பு. வீட்டில் போட்டுப் பார்ப்பேனா என்று தெரியாது. இருக்கட்டும்.

விளக்கை மல்லிகா ஏற்றட்டும். தாலி இல்லாத கை என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சாஸ்திரத்தையும் நான் பாதிதான் நம்புகிறேன். நாலு பேர் பார்க்க என்னிடம் மன்னிப்பு வாங்கிக்கொள்ள நீ நினைத்திருந்தால், அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நினைக்கவில்லை என்றால் நல்லது. நாற்காலியும் டிவியும் மாட்டியாகிவிட்டது என்று மல்லிகா சொன்னாள். திறப்பு விழா வரைக்கும் என்னால் காத்திருக்க முடியாது. வியாழக்கிழமை காலை முதல் ஃபெரியில் வருகிறேன், அக்கரையிலிருந்து பஸ் எனக்குத் தெரியும், யாரையும் அனுப்பாதே. அந்த நாற்காலியில் முதலில் நான் உட்காருகிறேன். பேனாவை உள்ளே விட்டு, மெதுவாக ஒரு சுற்று சுற்று. டிவியில் எதன் மேலும் விரலை வைக்காதே. முதலில் நான் பார்த்து எனக்கு என்ன தெரிகிறது என்று சொல்கிறேன். அப்புறம் நீ சொல்.

ஒன்றும் இல்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன், இன்னொரு தடவை பார்க்கச் சொல்வேன். இருக்கிறது என்று சொன்னால் அதையும் லேசில் நம்ப மாட்டேன். ஆனால் நீ எங்கே கூட்டிக்கொண்டு போகிறாயோ அங்கே வருவேன்.

அம்மா